இரும்புக்காரர் கேட்ட விலை

பழைய இரும்புக்காரர் எதை வாங்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாரோ, அதை மட்டும் பார்க்க மாட்டார். மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். ஒரு வீட்டின் பின்பக்கம் உடைந்த வாளி, கால் போன நாற்காலி, ஓட்டைக் குழாய், மூலையில் கறுத்துப்போன ஒரு பித்தளைச் சட்டி என்று கிடந்தால், வாளியைத் தூக்கி விரலால் தட்டுவார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உச்சுக் கொட்டுவார். குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்து அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று ஆராய்வார். பித்தளையின் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். எல்லாம் பேசி முடித்து, வண்டி மிதிக்கட்டையில் கால் வைத்த பிறகு, "அந்தக் கறுப்புச் சட்டியையும் வேணும்னா போடுங்க, உங்களுக்கு இடமாவது மிச்சம்" என்பார். அவர் அந்தத் தெருவுக்கு வந்ததே அந்தச் சட்டிக்காகத்தான்.

இந்தக் கள்ளத்தனத்தை ஊரில் யாரும் கண்டுபிடித்ததில்லை, அவர் மனைவியைத் தவிர. குடோனில் தராசுப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவளுக்குத் தராசக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் கூர்மையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். தராசைத் தொடுவதற்கு முன்னாலேயே தன் கண் கூர்மைதான் என்பாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். வெட்டிக் கழித்த காகிதத்தை எடுக்க வாரம் தவறாமல் ஓர் ஆள் வருவார். முதலாளியைப் பார்ப்பார், பசைச் சட்டியைப் பார்ப்பார், வெட்டுக் கத்தியைப் பார்ப்பார், கூரையில் ஒட்டடை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றுகூடப் பார்ப்பார். இவள் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் காகித மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிற போக்கில், அவளுடைய அண்ணன் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று பசைச் சட்டியிடம் விசாரித்துவிட்டுப் போனார். "என்னையும் அந்தக் கறுப்புச் சட்டிக் கணக்காத்தான் கேட்டாரு" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவர் மறுத்ததில்லை.

அவருடைய இன்னொரு குணம் விலை. வாங்குகிறவர் என்பதால் எதையும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். எதிராளி பதறி, கட்டுப்படியாகாது என்று தலையில் அடித்துக்கொண்டு, ஏற்றிச் சொல்லி, இவர் வண்டியைத் திருப்பி, அவர் கூப்பிட்டு, இவர் வராததுபோல வந்து, நடுவில் ஓர் இடத்தில் படிய வேண்டும். அப்போதுதான் இவருக்குச் சோறு இறங்கும். யாராவது வெகுளியாக, கேட்ட விலைக்கே "சரி, எடுத்துக்கப்பா" என்று விட்டுவிட்டால் போச்சு. வீடு வரும் வரைக்கும் முகம் தொங்கிப் போயிருக்கும். "ஏத்திக் கேட்டுட்டேன். அவசரப்பட்டுட்டேன்" என்று புலம்புவார். அடுத்த தடவை அதே வீட்டில் அதைவிடக் குறைத்துக் கேட்பார். அதற்கும் சரி என்றால் இன்னும் குறைப்பார். மறுப்பு வருகிற இடம்தான் சரியான விலை என்பது அவர் நம்பிக்கை.

அப்படிப்பட்ட மனுஷன்தான் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

இடித்துத் தள்ளிய ஒரு வீட்டின் இரும்புக் கேட்டை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்திருந்தார். மழை பெய்து குடோன் வாசல் வழுக்கிக் கிடந்தது. கயிற்றை அவிழ்த்ததும் கேட் தன் பாட்டுக்கு இறங்கியது. அவர் விலகத்தான் பார்த்தார், கால் மட்டும் பின்தங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. தோல் கிழியவில்லை, ரத்தம் வரவில்லை. "ரத்தமே இல்ல, சுளுக்காத்தான் இருக்கும்" என்று அந்த நிலையிலும் குறைத்துத்தான் சொன்னார்.

மதியத்துக்குள் எலும்பைச் சேர்த்துத் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு ஆண்கள் வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். "வீக்கம் வரும், பயப்பட வேண்டாம். வலி குறைஞ்சுகிட்டே வந்தா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். அவர் அதைச் சொன்னபோது இரும்புக்காரரின் காது விடைத்துக்கொண்டதைத் தராசக்கா கவனிக்கத்தான் செய்தாள்.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது. சாயங்காலம் மணி அடித்து உள்ளே விடுவார்கள், திரும்ப மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அவள் போனபோது அவர் தெம்பாகவே இருந்தார். மாவுக்கட்டை விரல் கணுவால் தட்டிக் காட்டினார்.

"நல்ல கனம். இவ்வளவு மாவு எதுக்குப் போட்டாங்கன்னு தெரியல. பாதி போதும்."

"உங்க கிட்ட கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள் அவள்.

"இதைக் கேளு. ஒரு சிஸ்டர் வந்தா. சின்னப் பொண்ணு, நடக்கவே மாட்டா, ஓட்டம்தான். பத்துக்கு எவ்வளவு வலி இருக்குன்னு கேட்டா."

"பத்துக்கா?"

"பூஜ்யம்னா வலியே இல்லையாம், பத்துன்னா தாங்க முடியாததாம். எவ்வளவுன்னு சொல்லுங்கறா. எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த நம்பரை வச்சுத்தான் எத்தனை நாள் படுக்க வைக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. டாக்டர் மத்தியானம் சொன்னார் இல்ல. நான் நாலுன்னேன்."

"நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"அது கெடக்கு. நான் நாலுன்னா அவ என்ன பண்ணணும்? இவ்வளவு பெரிய கட்டு போட்டிருக்கு, நாலா, ஏழாவது இருக்கும்னு சொல்லணுமா இல்லையா? அஞ்சு, அஞ்சரைன்னு முடிச்சிருக்கலாம். ஒரு வார்த்தை பேசல. எழுதிக்கிட்டுப் போய்ட்டா."

அவர் முகம் தொங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்தவர், தலையை நீட்டினார்.

"நான் எட்டுன்னேங்க. உடனே ஊசி போட்டாங்க. சுகமாத் தூங்கினேன்."

இரும்புக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் தணிந்த குரலில், "விவரம் பத்தாத ஆளு. எட்டுன்னு சொல்லிட்டு இங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்" என்றார். தராசக்கா சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலும் போய்ப் பேரம் பேசுகிற ஆளை என்ன செய்வது என்று, பாவம், அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

மறுநாள் பகலெல்லாம் குடோனில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அட்டைகளைக் கட்டினாள், பாட்டில்களைப் பிரித்தாள், காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எது இரும்பு எது இரும்பில்லை என்று தட்டித் தட்டி ஒதுக்கினாள். தூக்கிப் போடுகிற வேலை எல்லாம் அவருடையது. கேட் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவர் கால் எழுந்து வந்தால்தான் அது நகரும், வண்டி நகரும், அடுப்பில் பானையும் ஏறும். அந்த வண்டியை மிதிக்க இரண்டு கால் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அவள் புதிதாகக் கண்டதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, டீ ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். மணி அடித்ததும் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தாள். டெட்டால் வாசனையும், ஈரத் தரையும், எல்லாக் கட்டிலிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பிய பேச்சுமாக வார்டு சந்தைபோல இருந்தது.

இரும்புக்காரர் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் வேர்வை.

"வந்துட்டியா. இந்த ஃபேனைப் பாரு, எந்தக் காலத்து மாடல். உள்ள இருக்கறது முழுக்கச் செம்பு."

"கஞ்சி குடிக்கறீங்களா?"

"வை. இந்தக் கட்டிலைப் பாரு. இப்போ இப்படி யாரும் பண்றதில்ல. தகடு இல்ல, முழுக் கம்பி. சன்னல் கொக்கியப் பாத்தியா? பித்தளைன்னு நெனச்சேன். இல்ல, முலாம்."

அவள் தூக்கைத் திறந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபேன், கட்டில், சன்னல், பெயிண்டரின் தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பு, கதவின் கீல். ஒவ்வொன்றாக அவர் கண் போய்க்கொண்டே இருந்தது. எங்கெல்லாமோ போனது. அவள் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது.

நேற்று இதே மனுஷன் மாவுக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார், எவ்வளவு கனம் என்று பேசினார். இன்றைக்கு அவர் கண் அந்தப் பக்கம் வரவே இல்லை. இடுப்புக்குக் கீழே அவருக்கு உடம்பே இல்லாததுபோல இருந்தது.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எந்தக் கால்?"

அவள் கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலை மெல்லத் தொட்டாள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்தது.

"வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருஷம் ஆச்சோ."

"மத்தியானத்திலேருந்து இப்படித்தாங்க" என்றார் பெயிண்டர் தணிந்த குரலில். "இங்க இருக்கற இரும்பை எல்லாம் விலை பேசிட்டாரு. என் கட்டிலையும் சேர்த்து."

அவள் எழுந்து சிஸ்டரைத் தேடிப் போனாள். வார்டுக் கோடியில் மேசை முன்னால் பெரிய சிஸ்டர் உட்கார்ந்து யாருடனோ போனில் வாதாடிக்கொண்டிருந்தார். ஓட்டக்கார சிஸ்டர் கையில் தட்டோடு ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தாள். தராசக்கா அவள் பின்னாலேயே நடந்தாள், நடந்தாள் என்பதைவிட ஓடினாள்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரரை வந்து பாருங்க. கால் சரியில்ல."

"எந்த பெட் அக்கா? இரும்புக்கடை அண்ணாவா? இப்போத்தானே பார்த்தேன். விரல் சூடா இருக்கு, நிறம் நல்லா இருக்கு. பயப்படாதீங்க."

"அவர் காலைப் பார்க்கவே மாட்டேங்கறார்."

சிஸ்டர் நின்றாள். "என்ன?"

"எல்லாத்தையும் பார்க்கறார். காலை மட்டும் பார்க்க மாட்டேங்கறார்."

"நெறையப் பேர் அப்படித்தான் அக்கா. அடிபட்டதைப் பார்க்கவே பயப்படுவாங்க."

தராசக்காவுக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு மனுஷனோடு வாழ்ந்து தெரிந்துகொண்டதை, கையில் ஊசித் தட்டோடு நிற்கிற ஒரு பெண்ணிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? பித்தளைச் சட்டியிலிருந்தா, பைண்டிங் கடையிலிருந்தா? அவள் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து சிஸ்டருக்கும் இரக்கமாகிவிட்டது. நல்ல பெண். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து வந்து காட்டினாள்.

"இங்க பாருங்க. நீங்க வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நேத்து நாலுன்னு சொன்னார். காலையில கேட்டேன், மூணுன்னார். மத்தியானம் ரெண்டு. அழகாக் குறைஞ்சுகிட்டே வருது. ரொம்பத் தைரியமான மனுஷன்."

நாலு, மூன்று, இரண்டு. தராசக்கா அட்டையைப் பார்க்கவில்லை, சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"நாலுன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எழுதிக்கிட்டேன்."

"மூணுன்னதும்?"

"அதையும் எழுதினேன்."

"ஒரு பேச்சு, மறுபேச்சு கிடையாதா? கேட்ட விலைக்கே குடுத்துட்டீங்களா?"

"எந்த விலை? என்ன அக்கா சொல்றீங்க?"

தராசக்காவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. அழுகை அவரை நினைத்து, கோபமும் அவரை நினைத்துத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சிஸ்டர், அவர் பழைய சாமான் வாங்கறவர். எதைக் கேட்டாலும் குறைச்சுத்தான் கேப்பார். எதிர்ல இருக்கறவங்க ஏத்தணும். ஏத்தாம சரின்னுட்டா, நாம கூடக் கேட்டுட்டோம்னு நெனச்சு அடுத்த வாட்டி இன்னும் குறைப்பார். நீங்க நாலுக்கு மறுக்கல. அதனால மூணுன்னார். அதுக்கும் மறுக்கல, ரெண்டுன்னுட்டார். வலி குறைஞ்சு சொல்லல. விலையைக் குறைச்சிருக்கார். குறைச்சாத்தான் சீக்கிரம் வீட்டுக்கு விடுவீங்கன்னு அவருக்கு நெனப்பு."

சிஸ்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அட்டையை ஒரு தடவை பார்த்தாள், தூரத்தில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவரை ஒரு தடவை பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. ஆனால் முகத்தில் ஓர் ஆவல் மட்டும் போகவில்லை. இத்தனை பேரிடம் இத்தனை தடவை கேட்ட கேள்வி, அது அடுத்தவர் காதில் என்னவாக விழுகிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

"அப்போ நிஜமா எவ்வளவு வலி இருக்கும்?"

"அது எனக்கும் தெரியாது. அவர் வாயாலதான் வரணும்."

"கேட்டா ஒண்ணுன்னு சொல்லுவாரே."

"நீங்க கேக்காதீங்க. நீங்க விலை சொல்லுங்க."

சிஸ்டர் தட்டை மேசையில் வைத்தாள். பெரிய சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே புருவத்தை உயர்த்தினார். "ஒரு நிமிஷம் சிஸ்டர், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இரும்புக்காரரின் கட்டிலுக்குப் போனாள். அன்றைக்கு அவள் நடந்து போனது அது ஒன்றுதான்.

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிஸ்டர் உட்கார்ந்ததை அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. இரும்புக்காரருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்ன சிஸ்டர், மறுபடியும் நம்பரா? ஒண்ணரை போட்டுக்கோங்க."

"ஒண்ணரை எல்லாம் படியாதுண்ணா" என்றாள் சிஸ்டர். "பத்து."

அவர் கண் ஃபேனிலிருந்து இறங்கியது. ஒரு பகல் ஒரு இரவு முழுக்க வராத கலகலப்பு முகத்தில் வந்தது.

"பத்தா? என்ன சிஸ்டர், அநியாயமா இருக்கு. பத்துன்னா சாகக் கெடக்கறவங்க சொல்றது. மூணு."

"இவ்வளவு பெரிய கேட் விழுந்திருக்கு. ரெண்டு எலும்பு போயிருக்கு. பத்துக்குக் குறைஞ்சா எனக்குக் கட்டுப்படியாகாது."

"கேட் என்ன கேட், பாதி துரு. அஞ்சு. உங்க முகத்துக்காக."

சிஸ்டர் எழுந்திருப்பதுபோலப் பாவனை செய்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்குப் போய்வருகிறவர்கள் யாருக்குத்தான் அது தெரியாது? "அப்போ வேண்டாம்ணா. நான் பெயிண்டர் அண்ணா கிட்ட போறேன்."

"இருங்க, இருங்க. ஏழு."

"பத்து."

"ஏழரை. நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்க சிஸ்டர்."

"சரி, உங்களுக்காக ஒன்பதரை."

"எட்டு. அதுக்கு மேல..." அவர் மூச்சு வாங்கினார். வேர்வை காதோரம் வழிந்தது. தராசக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெயிண்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எட்டுக்கு முடிக்கறதுக்கு முன்னாடி சாமானைப் பார்த்துடலாம்" என்றாள் சிஸ்டர். கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைப் பிடித்தாள். ஒரு பொடி அளவு, மேல் பக்கமாக, மெதுவாக நிமிர்த்தினாள்.

இரும்புக்காரர் கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு இரண்டு தடவை திறந்து மூடியது.

"பத்து" என்றார். "நீ சொன்ன விலையே இருக்கட்டும் தாயி. பத்து."

இத்தனை வருஷத்தில் எதிராளி சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்டு தராசக்கா பார்த்ததே இல்லை. கேட் விழுந்தபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை.

சிஸ்டர் ஓடினாள். பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. டாக்டர் வந்தார், விரலைத் தொட்டார், அவரும் நிமிர்த்திப் பார்த்தார். அந்த இடத்திலேயே கட்டை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தார்கள். உள்ளே கெண்டைக்கால் பளபளவென்று இறுகிப்போய் கல்லாக இருந்தது. வெளியே விரல் சூடாக, நிறமாக இருக்க, உள்ளே சதை நெருக்கிக்கொண்டு தன்னைத்தானே கொன்றுகொண்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். உடனே ஆபரேஷன் செய்து, கீறி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்றார். தள்ளுவண்டியில் ஏற்றியபோதும் இரும்புக்காரர் காலைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மர பெஞ்சு ஒன்று கிடந்தது. தராசக்கா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். கஞ்சித் தூக்கு இன்னும் கையிலேயே இருந்தது. டியூட்டி முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்ட சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாதாரண உடையில் பார்க்க இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"நான்தான் அக்கா ரெண்டுன்னு எழுதினேன்."

"அவர் சொன்னார், நீங்க எழுதினீங்க."

"முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டுங்கறாரேன்னு. ஆனா ஆம்பளைங்க நெறையப் பேர் அப்படித்தான், வீம்புக்குன்னு விட்டுட்டேன். எத்தனை பெட். கேட்டமா எழுதினமான்னு ஓடிக்கிட்டே இருக்கணும்."

"நான் மட்டும் என்ன?" என்றாள் தராசக்கா. "நேத்தே சொன்னார், நாலு கேட்டேன், குடுத்துட்டாங்கன்னு. கேட்டுட்டுச் சிரிச்சுட்டுப் போனேன்."

தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு, வேண்டியதைப் பார்க்காத அவர் குணத்தை, பித்தளைச் சட்டியிலிருந்து பைண்டிங் கடை வரைக்கும் சிஸ்டரிடம் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? வேண்டியதைப் பார்க்காம எப்படி இருக்க முடியும்? கண்ணு தானா அங்கதானே போகும்?"

"போகும். அதான் வேற எங்கயாவது வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். கொக்கி, கீலுன்னு."

"நான் ஊசி போடறப்போ குழந்தைங்க கிட்ட அதைத்தான் செய்வேன். அங்க பாரு குருவின்னு."

தராசக்காவுக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. தூக்கைத் திறந்து மூடியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். மறுக்காமல் வாங்கிக் குடித்தாள் அந்தப் பெண். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

டாக்டர் வெளியே வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"கால் தப்பிச்சுது" என்றார் டாக்டர். "சதை உயிரோட இருக்கு. புண்ணைத் திறந்துதான் வச்சிருக்கோம், வீக்கம் வடிஞ்சப்புறம் மூடணும். நாளாகும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதம் போயிருக்கும்மா." பிறகு சிஸ்டரைப் பார்த்து, "நீ எப்படிக் கண்டுபிடிச்ச? ஷீட்ல ரெண்டுன்னு இருந்துச்சே" என்று கேட்டார்.

"அது அவர் கேட்ட விலை சார்" என்றாள் சிஸ்டர்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் அவருக்கு நேரமில்லை.

அதற்கப்புறம் அந்த வார்டில் ஒரு மாற்றம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டக்கார சிஸ்டர் நம்பர் கேட்பதற்கு முன்னால், "என்ன தொழில் பண்றீங்க?" என்று ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பெரிய சிஸ்டர், சம்பந்தம் பேச வந்தியா என்று கடிந்துகொண்டார். அவள் விடவில்லை. பெயிண்டரிடம் கேட்டபோதுதான் அவர் சங்கடத்தோடு உண்மையைச் சொன்னார்.

"ஒரு வீட்டுக்கு வெள்ளை அடிக்க எவ்வளவுன்னு கேட்டா, நாங்க கூடப் போட்டுத்தான் சொல்லுவோம் சிஸ்டர். அவங்க அடிச்சுக் குறைப்பாங்க இல்ல. அந்தப் பழக்கத்துல எட்டுன்னுட்டேன். நீங்க குறைப்பீங்கன்னு பார்த்தேன். ஊசியைப் போட்டுட்டீங்க."

"நிஜமா எவ்வளவுண்ணா?"

"அஞ்சு இருக்கும். ஆனா அந்த ஊசி நல்லாத்தான் இருந்துச்சு."

இரும்புக்காரர் இதைக் கேட்டுப் படுக்கையிலிருந்தே சிரித்தார். வயிறு குலுங்கியதில் கால் வலித்தது, இருந்தும் சிரித்தார்.

புண்ணை மூடித் தையல் போட்டு, எலும்புக்குத் தனியாகக் கம்பி வைத்து, புதுசாக ஒரு சின்னக் கட்டுப் போட்டபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் மணி அடித்து தராசக்கா உள்ளே நுழைந்தாள். வாசலிலேயே நின்று, முதலில் அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இத்தனை நாளும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கண் காலின் பக்கம் வந்ததே இல்லை.

இன்றைக்கு அவர் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து தன் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைத் தட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்த தையல் ஓரத்தைத் தடவினார். உச்சுக் கொட்டினார்.

சிஸ்டர் அவரருகே அட்டையோடு நின்றிருந்தாள்.

"சொல்லுங்கண்ணா, எவ்வளவு?"

"ஒண்ணு."

சிஸ்டர் எழுதவில்லை. தலையைத் திருப்பித் தராசக்காவைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றாள் தராசக்கா. "சரியான விலைதான்."

சிஸ்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். தராசக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

"இது என்ன காலு" என்றார் அவர். "நேரா இருந்தது, இப்போ வளைஞ்ச மாதிரி இருக்கு. தையல் பாரு, சாக்கு தைக்கற மாதிரி. இதை எவன் வாங்குவான்?"

"நான் வாங்கிக்கறேன், குடுங்க."

அவர் காலிலிருந்து கண்ணை எடுத்து ஃபேனைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், அதன் மூடி பிளாஸ்டிக்கா தகரமா என்று யோசித்தார். பெயிண்டர் போன பிறகு காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். சன்னல் கொக்கியைப் பார்த்தார். டீ தம்ளரை வாங்கும்போதும் தம்ளரைத்தான் பார்த்தார், நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

தராசக்கா அவர் கண் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஃபேன், ஃபிளாஸ்க், கட்டில், கொக்கி, கால். எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். பைண்டிங் கடையில் தாள் மடித்துக்கொண்டிருந்தபோது பற்றிக்கொண்டு வந்த அதே கோபம் இப்போதும் வந்தது. ஆனால் கண்ணில் நீரும் சேர்ந்து வந்ததால் கோபம் நிற்கவில்லை.

"என்னங்க, இந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்தாத்தான் என்ன?"

"எதை?" என்றார் அவர் கதவுக் கீலைப் பார்த்துக்கொண்டே. "கீலுக்கு எண்ணெய் போட்டுட்டாங்க போல இருக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.